மேஸ்திரியை வைத்து நாமே மாடி எடுத்தால் எவ்வளவு மிஞ்சும்?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் 780 சதுர அடியில் சொந்த வீடு இருக்கிறது. மாடியில் 420 சதுர அடிக்கு ஹால், ஒரு படுக்கையறை, பாத்ரூம் எடுக்கப் போகிறோம். கான்ட்ராக்டர் சதுர அடிக்கு 2,400 ரூபாய் வீதம் 10,08,000 கேட்கிறார். மேஸ்திரியிடம் கூலி மட்டும் சதுர அடிக்கு 520 என்று பேசிவிட்டு சாமானை நாங்களே வாங்கினால் கூலி 2,18,400, சாமான் 5,40,000, ஆக 7,58,400-இல் முடிந்துவிடும் போலிருக்கிறது. இரண்டரை லட்சம் மிச்சம். எஃப்.டி.யில் 7 லட்சம் இருக்கிறது. 2 லட்ச ரூபாய்ச் சீட்டு ஆகஸ்டில் முடிகிறது. கணவருக்கு மில்லில் மாதம் 33,000 சம்பளம். பற்றாக்குறைக்கு நகையை அடகு வைக்கலாமா, சீட்டை இப்போதே எடுத்துவிடலாமா?

பதில்: மிச்சம் உண்டு, ஆனால் இரண்டரை லட்சம் இல்லை. மேஸ்திரி சொன்ன 520-க்குள் கட்டு வேலை, கம்பி கட்டுவது, சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கப் பலகையும் முட்டும் அமைப்பது), பூச்சு ஆகியவைதான் வழக்கமாக அடங்கும். சென்ட்ரிங் பலகைக்கும் முட்டுக்கும் வாடகை அதில் சேர்த்தியா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எலக்ட்ரீஷியன், பிளம்பர் கூலி (சுமார் 45,000), டைல்ஸ், பெயிண்ட் கூலி (35,000), இன்ஜினியர் வரைபடமும் மேற்பார்வையும் (15,000), மிக்சர், வைப்ரேட்டர் வாடகை, தண்ணீர் லாரி, இடிபாடு அள்ளுவது (18,000), சாமானில் 4 சதவீதச் சேதாரம் (21,600) உங்கள் கணக்கில் வரவில்லை. இவை 1,34,600. மிச்சம் 1,15,000-க்கு இறங்கிவிட்டது. இதில் கணவர் எடுக்கும் விடுப்பும் இருக்கிறது. நான்கு மாத வேலையில் 25 நாளாவது ஆள் நின்றே ஆக வேண்டும். நாளுக்கு 1,100 வீதம் 27,500. கடைசியில் நிற்பது 87,500. நான்கு மாத மேற்பார்வைக்கு உங்களுக்குக் கிடைக்கும் சம்பளம் அது. வீட்டில் யாராவது நிற்க முடியுமானால் வாங்கிக்கொள்ளலாம். முடியாதென்றால் கான்ட்ராக்டரிடமே கொடுத்துவிடுவது மலிவு.

காசைத் தொடும் முன்பு ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டு, கீழ்த்தளமும் அஸ்திவாரமும் மாடியைத் தாங்குமா என்று பாருங்கள். பில்லர் இல்லாத, சுவரே பாரம் தாங்கும் வீடு என்றால் மாடிச் சுவர் கீழ்ச் சுவரின் மேலேயே உட்கார வேண்டும். ஹாலை அகலமாக்க ஆசைப்பட்டு நடு சிலாபின் (கான்கிரீட் தளத்தின்) மேல் சுவர் ஏற்றக் கூடாது. பில்லர் கம்பியை நீட்டி விட்டிருந்தால், அது பல ஆண்டு மழையில் துருவேறியிருக்கும். தேய்ந்திருக்கிறதா என்று சுரண்டிப் பாருங்கள். புதுக் கம்பியை இணைக்க 12 மி.மீ. கம்பியில் பழையதும் புதியதும் இரண்டடி நீளத்துக்கு ஒன்றையொன்று ஒட்டி வரும்படி கட்ட வேண்டும். வரைபட அனுமதி இல்லாமல் தொடங்காதீர்கள். 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம் என்றால் சுயசான்று முறையில் (விதிப்படிதான் கட்டுகிறேன் என்று நீங்களே உறுதி கூறி) அனுமதி பெறும் வசதி 2024 ஜூலையில் வந்தது. அனுமதி இல்லையென்றால் வங்கிக் கடனும் இல்லை.

உங்கள் அளவுக்குத் தோராயமாகச் சிமென்ட் 150 மூட்டை, கம்பி 1.2 முதல் 1.4 டன், சுவருக்கான கல் 9,000, எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) 4 யூனிட், பூச்சுக்கு பி-சாண்ட் (அதிலேயே நைசான ரகம்) 2 யூனிட், முக்கால் ஜல்லி இரண்டரை யூனிட் ஆகும். மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பலால் இந்தப் பக்கம் ஃப்ளை ஆஷ் கல் எளிதில் கிடைக்கிறது. அளவு ஒரே சீராக இருப்பதால் பூச்சுக் கலவை குறையும்.

காசு ஒழுகுவது அளவில்தான். கம்பி வந்ததும் எண்ணுங்கள். 12 மீட்டர் நீளமுள்ள 8 மி.மீ. கம்பி 4.74 கிலோ, 10 மி.மீ. 7.4, 12 மி.மீ. 10.66. எண்ணிக்கையைப் பெருக்கி எடை மேடைச் சீட்டோடு ஒப்பிட்டால் கூட்டி எழுதியது தெரிந்துவிடும். சில சதவீத வித்தியாசம் இயல்பு. ‘சேலம் உருக்காலைக் கம்பி’ என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். அங்கே செய்வது துருப்பிடிக்காத எஃகு. மணல் லாரியில் யூனிட் என்பது 100 கன அடி. குவியலைச் சமப்படுத்தச் சொல்லி, பெட்டியின் உள் நீளம், அகலம், மணலின் உயரம் மூன்றையும் டேப்பில் அளந்த பிறகே கொட்டச் சொல்லுங்கள். பொதுப்பணித் துறைத் தரச்சான்று உள்ள ஆலையின் எம்-சாண்ட்தானா என்றும் கேளுங்கள். சிமென்ட்டை மொத்தமாக வாங்காதீர்கள். 50, 60 மூட்டையாக எடுத்து, பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். மூட்டையில் அச்சிட்ட தயாரிப்பு வாரத்தையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகியிருக்கிறது. பழைய விலையில் யாரேனும் மதிப்பீடு கொடுத்தால் கேள்வி கேளுங்கள்.

கணவர் கட்டாயம் விடுப்பு எடுக்க வேண்டிய நாள் சிலாப் போடும் நாள். ஐந்து அங்குல சிலாபும் பீமும் சேர்த்து 6 கனமீட்டர் கான்கிரீட், ஏறக்குறைய 50 மூட்டை சிமென்ட். தெருவில் லாரி நுழையுமென்றால் ரெடிமிக்ஸ் (ஆலையிலேயே கலந்து வரும் கான்கிரீட்) ஒரே லாரியில் முடிந்துவிடும். பம்ப் வாடகையையும் சேர்த்து விலை கேளுங்கள். சைட்டிலேயே கலக்கினால் மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் விடக் கூடாது. இழுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று ஆட்கள் பக்கெட் பக்கெட்டாக ஊற்றுவார்கள். அங்கே போகும் பலத்தைப் பிறகு எந்தப் பூச்சும் திருப்பித் தராது. பி.பி.சி. (ஃப்ளை ஆஷ் கலந்த) சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். சென்ட்ரிங் வாடகை ஏறுகிறதே என்று பீமைத் தாங்கும் முட்டுகளை 14 நாளுக்குள் எடுக்க விடாதீர்கள். பாத்ரூம் சங்கன் சிலாபில் (குழாய்களுக்காகத் தாழ்த்திப் போடும் தளத்தில்) டைல்ஸ் ஒட்டும் முன் 48 மணி நேரம் தண்ணீர் நிரப்பிக் கீழே கசிகிறதா என்று பாருங்கள்.

பொங்கல் கழிந்து தொடங்கி மே மாதத்துக்குள் முடிப்பது நல்லது. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா சமயம் ஆள் கிடைப்பது சிரமம், அப்புறம் வடகிழக்குப் பருவமழை. கூலியை முன்பணம் 10, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை) வந்ததும் 25, சிலாப் போட்டதும் 25, பூச்சு முடிந்ததும் 20, முழு வேலைக்கு 15, ஒரு மாதம் கழித்து 5 சதவீதம் என்று பிரியுங்கள். சனிக்கிழமை வாரச் சம்பளம் கேட்பார்கள். கொடுங்கள், ஆனால் நோட்டில் எழுதி அந்தக் கட்டத்தின் தொகையில் கழித்துவிடுங்கள். கட்டத்தைத் தாண்டிப் பணம் போனால் மேஸ்திரி அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

இப்போது பணம். உண்மைச் செலவு 8,93,000, எதிர்பாராததற்கு 10 சதவீதம், ஆக 9.8 லட்சம் தேவை. எஃப்.டி.யில் ஒன்றரை லட்சத்தைத் தொடாமல் 5.5 லட்சம் எடுங்கள். மீதிக்கு நகை வேண்டாம். வீட்டு விரிவாக்கக் கடனாக 4.5 லட்சம் கேளுங்கள். 9 சதவீதம், 7 வருடம் என்று வைத்தால் தவணை சுமார் 7,240. 33,000 சம்பளம் தாங்கும். கட்டம் கட்டமாகத்தான் வங்கி பணம் தரும் என்பதால் முதலில் உங்கள் பணம் செலவாகும்படி திட்டமிடுங்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. அதனால் சீட்டைக் கழிவு கொடுத்து இப்போது எடுக்க வேண்டாம். ஆகஸ்டில் முழுத் தொகை வந்ததும் கடனில் கட்டிவிடுங்கள். பில்களைப் பத்திரப்படுத்துங்கள், வீட்டை என்றாவது விற்றால் இந்தச் செலவு மூலதன ஆதாயக் கணக்கில் கழியும்.