கம்பி பிரேக்கை ஹைட்ராலிக் ஆக்கலாமா?

கேள்வி: என்னிடமுள்ள 1994-ஆம் ஆண்டு புல்லட் 350-ஐக் கால்மிதிகளை முன்னே தள்ளி, தாழ்வான இருக்கையோடு மாற்றி அமைத்திருக்கிறேன். பழைய முறைப்படி பிரேக் பெடல் இடப்பக்கம். பெடல் ஏறத்தாழ ஓரடி முன்னே போய்விட்டதால் பிரேக் கம்பியை நீளமாக்கி, சைடு ஸ்டாண்டில் இடிக்காமல் இருக்க இரண்டு இடங்களில் வளைத்திருக்கிறோம். இப்போது பெடலை மிதித்தால் பஞ்சை மிதிப்பதுபோல் இருக்கிறது. டிரம்மை அப்படியே வைத்துக்கொண்டு, டிஸ்க் பிரேக் வண்டியின் பின்பக்க மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளும் உருளை) பொருத்தி ஹைட்ராலிக் ஆக்கினால் பிரேக் வலுவாகும் என்கிறார் நண்பர். செய்யலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: செய்யலாம், ஆனால் நண்பர் சொல்லும் காரணத்துக்காகச் செய்ய வேண்டாம். டிரம்முக்குள் ஷூக்களை விரிக்கும் கேம், லைனிங், டிரம்மின் விட்டம் ஆகியவை எதுவும் மாறப்போவதில்லை. உங்கள் காலின் விசை கம்பி வழியாகப் போவதற்குப் பதில் எண்ணெய் வழியாகப் போகிறது, அவ்வளவுதான். எண்ணெயால் கிடைக்கும் ஆதாயம் வழித்தடத்தில் இருக்கிறது: ஹோஸ் எந்த வளைவிலும் திரும்பிப் போகும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் அசையும்போது கம்பியைப்போல இழுபடாது. டிரம்மை ஹைட்ராலிக்கில் இயக்குவது புதுமையும் அல்ல. ஹார்லி டேவிட்சன் 1958-இல் வெளியிட்ட டியோ கிளைடில் பின் டிரம் ஹைட்ராலிக்தான். நம் தெருக்களில் ஓடும் ஆட்டோக்களிலும் அப்படித்தான்.

உங்கள் வண்டியின் நோய் கம்பியின் வளைவு. நேரான கம்பியை இழுத்தால் அது நீளாது. வளைந்த கம்பியை இழுத்தால் முதலில் அந்த வளைவு நிமிரப் பார்க்கும், நீங்கள் மிதிக்கும் தூரத்தில் பாதி அதிலேயே போய்விடும். எனவே முதலில் ஒன்றைப் பாருங்கள். கம்பியை இரண்டாகப் பிரித்து, நடுவில் புஷ் போட்ட ஓர் இடைநிலை லீவரை வைத்து, இரண்டு துண்டுகளையும் நேராக ஓடவிட இடம் இருக்கிறதா? இருந்தால் அதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து. கம்பி கசியாது, அதில் காற்று புகாது, சாலையோரத்தில் ஒரு ஸ்பேனரோடு சரிசெய்துகொள்ளலாம். இடமே இல்லை என்றால் மட்டும் ஹைட்ராலிக்குக்குப் போங்கள்.

அப்படிப் போகும்போது பலரும் கோட்டைவிடுவது தூரத்தில்தான். டிஸ்க் பிரேக்கில் பேடு நகரும் தூரம் மிகச் சிறியது. அதற்காகச் செய்யப்பட்ட மாஸ்டர் சிலிண்டர் கொஞ்சம் எண்ணெயைத்தான் தள்ளும். டிரம்மிலோ பிரேக் ஆர்ம், அதாவது டிரம்முக்கு வெளியே நின்று கேமைத் திருப்பும் லீவர், கணிசமாக நகர்ந்தாக வேண்டும். ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், ஆர்மின் துளைக்கு நேரே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இப்போதுள்ள கம்பியை டிரம் அருகே கையால் இழுத்து, ஷூ முழுதாகப் பிடிக்கும்வரை துளை எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று ஸ்கேலால் அளந்து எழுதிவையுங்கள்.

அது 12 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 14 மி.மீ. போர் (உள்விட்டம்) உள்ள மாஸ்டர் சிலிண்டரின் பரப்பு ஏறத்தாழ 154 சதுர மி.மீ.; பிஸ்டன் 12 மி.மீ. நகர்ந்தால் சுமார் 1.85 மி.லி. எண்ணெய் வெளியேறும். இதோடு 20 மி.மீ. போர் ஸ்லேவ் சிலிண்டரை (அந்த எண்ணெயை வாங்கி ஆர்மைத் தள்ளும் உருளை) இணைத்தால் விசை இரண்டு மடங்காகும், ஆனால் ஸ்லேவ் பிஸ்டன் 6 மி.மீ.கூட நகராது, ஷூ டிரம்மைத் தொடுவதற்குள் மாஸ்டர் சிலிண்டர் அடிதட்டிவிடும். அதே 14 மி.மீ. ஸ்லேவ் என்றால் 12 மி.மீ. நகரும், மிச்சமே இருக்காது. 12.7 மி.மீ., அதாவது அரை அங்குல ஸ்லேவ் என்றால் 14.5 மி.மீ. வரை நகரும், விசை ஆறில் ஒரு பங்கு குறையும். பெடலின் விகிதம் நான்குக்கு ஒன்று என்றால், 20 கிலோ அழுத்தத்தில் மாஸ்டரில் 80 கிலோவும் இந்தச் சிறிய ஸ்லேவில் ஏறத்தாழ 66 கிலோவும் கிடைக்கும். நேரான கம்பியும் அதே பெடலில் 80 கிலோ கொடுத்திருக்கும் என்பதை நண்பரிடம் காட்டுங்கள். தூரத்தைக் கூட்டினால் விசை குறையும், விசையைக் கூட்டினால் தூரம் குறையும். இதற்கு விலக்கு இல்லை. என் பரிந்துரை, ஸ்லேவின் போர் மாஸ்டரின் போருக்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ இருக்கட்டும். பின் பிரேக்கை அளவுக்கு மேல் வலுவாக்குவதும் ஆபத்து. நிறுத்தும்போது எடை முன்னே சாய்வதால் பின் டயர் பிடி இழந்து வழுக்கும்.

ஸ்லேவ் சிலிண்டரை ஃபிரேமில் பொருத்தவே கூடாது. ஒவ்வொரு பள்ளத்திலும் பிரேக் தானாக இழுபடும். பிரேக் பிளேட்டிலேயே 6 மி.மீ. இரும்புத் தகட்டால் பிராக்கெட் செய்து பொருத்தினால், செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னே தள்ளும்போதும் அளவு மாறாது. கம்பி ஆர்மை முன்னோக்கி இழுத்தது, சாதாரண ஸ்லேவ் தள்ளும். எனவே அது ஆர்முக்குப் பின்னால் நின்று முன்னே தள்ள வேண்டும். ஷூ பிடிக்கும் தருணத்தில் தள்ளுகோலும் ஆர்மும் ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்க வேண்டும். பழைய கம்பியின் முனையிலிருந்த அட்ஜஸ்டிங் நட்டைத் தூக்கி எறியாதீர்கள். டிஸ்க் பிரேக் தேய்மானத்தைத் தானே ஈடுசெய்துகொள்ளும். இங்கே ரிட்டர்ன் ஸ்பிரிங் ஒவ்வொரு முறையும் ஆர்மைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடுவதால், லைனிங் தேயத் தேய நீங்கள்தான் நட்டை இறுக்க வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் என் பட்டறையில் இத்தகைய மாற்றம் ஒன்றைச் செய்து, நானே ஓட்டிப் பார்த்தேன். முதல் சில கிலோமீட்டர் அருமையாக இருந்தது. பிறகு பெடல் மெல்ல மெல்லக் கல்லாக இறுகி, வண்டி இழுவை இழந்து, லைனிங் கருகும் வாடை வந்தது. நிறுத்தி டிரம்மில் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியானது. சக்கரம் கையால் சுற்றவில்லை. காற்றை வெளியேற்றும் திருகான பிளீடு நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தியதும் எண்ணெய் பீச்சியடித்து, சக்கரம் உடனே விடுபட்டது. கோளாறு டிரம்மில் இல்லை, மாஸ்டரில் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. பெடலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே நான் இடைவெளியே விடவில்லை. பிஸ்டன் முழுதாகத் திரும்பி வந்தால்தான் மாஸ்டருக்குள் இருக்கும் ஊசிமுனைத் துளை திறந்து, சூட்டில் விரியும் எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பும். அது மூடியே இருந்தால் எண்ணெய் விரிய விரிய பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். பெடலுக்குத் தனி ஸ்டாப்பர் வைத்து, பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராடில் 1 மி.மீ. அளவு ஆட்டம் விடுங்கள். அந்த ஒரு மில்லிமீட்டரை நான் இன்றுவரை ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு முறை பார்க்கிறேன்.

பிளீடு நிப்பிள் ஸ்லேவின் மிக உயரமான இடத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் காற்று வெளியேறாது, பஞ்சு மிதி திரும்பவும் வந்துவிடும். ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ், ஒவ்வொரு முறையும் புதிய செம்பு வாஷர், சீலிடப்பட்ட டப்பாவிலிருந்து டாட் 4 வகை பிரேக் எண்ணெய். கிளட்சுக்கான ஸ்லேவ் கிடைத்தால் அது எந்த எண்ணெய்க்கானது என்று கேட்டறியுங்கள். மினரல் ஆயிலுக்கான சீல் பிரேக் எண்ணெயில் கெட்டுவிடும். பிரேக் விளக்கின் சுவிட்சைப் பெடலோடு சேர்த்து மாற்றிப் பொருத்த மறக்க வேண்டாம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உங்கள் வண்டியில் ஏற்கெனவே பல மாற்றங்கள் இருப்பதால், வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: இதே வேலைக்கு ஆட்டோவின் மாஸ்டர் சிலிண்டரைப் பயன்படுத்தினால் தூரப் பிரச்சினை தீருமா?
— வாசகர், மதுரை

பதில்: தூரம் தீரும், கால் வலிக்கும். ஆட்டோவின் மாஸ்டர் மூன்று சக்கரங்களுக்கு எண்ணெய் தள்ளும் பொருட்டுப் பெரிய போரோடு செய்யப்பட்டது. காலிப்பரால் அளந்து 19 மி.மீ. என்று வந்தால், 14 மி.மீ. ஸ்லேவில் கிடைக்கும் விசை ஏறத்தாழ பாதியாகக் குறையும். அதை ஈடுகட்டப் பெடலை நீளமாக்க வேண்டும், பெடல் நீண்டால் கால் நகரும் தூரமும் கூடும். மேலும், டிரம்முக்கான சில மாஸ்டர்களில் குழாயில் சிறு அழுத்தத்தை எப்போதும் தேக்கிவைக்கும் வால்வு இருக்கும். சக்கரத்துக்குள் வீல் சிலிண்டர் உள்ள வண்டிக்கு அது தேவை. வெளியே ஸ்லேவ் வைத்த உங்கள் ஆர்மில் ரிட்டர்ன் ஸ்பிரிங் வலுக்குறைந்ததாக இருந்தால் ஷூ உரசிக்கொண்டே இருக்கும். பொருத்தியபின் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பெடலை மிதித்து விட்டபின்னும் முன்போலவே தடையின்றிச் சுற்றாவிட்டால், வண்டியைச் சாலைக்கு எடுக்காமல் ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.