குனிஞ்சா முதுகு தெரியுதா? பனிச்சறுக்கு கேள்வி-பதில்

கேள்வி: அண்ணா, கால்கரிக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, போன சீசன்லதான் ஸ்னோபோர்டிங் கத்துக்க ஆரம்பிச்சேன். விழும்போதெல்லாம் உள்ள போட்ட தெர்மல் மேல ஏறி முதுகுல பனி போயிடுது. கூட வர்ற பசங்க ஒன்-பீஸ் வாங்குடா, கழுத்துல இருந்து கால் வரைக்கும் ஒரே உள்ளுடுப்பு, பிரச்சனையே இல்லன்றாங்க. ஜனவரியில ராக்கி மலையில இருக்குற லேக் லூயிஸ் போறோம். மெரினோன்ற கம்பளித் துணியில 250ன்னு ஒண்ணு இருக்காமே, இருக்குறதுலயே தடியா அதையே வாங்கிடட்டுமா?

பதில்: ஒன்-பீஸ் வாங்குங்க தம்பி, ஆனா தடிமனைப் பாத்து வாங்காதீங்க. முதல்ல பாக்க வேண்டியது உடம்போட நீளம், அப்புறம் ஜிப்பு, துணியோட கனமெல்லாம் மூணாவதுதான்.

ரெண்டு கால்லயும் தனித்தனிக் கட்டை மாட்டி ஸ்கீ பண்றவங்களை விட, ஒரே போர்டுல நிக்கிற நமக்கு இது ஏன் அதிகம் தேவைன்னா, மலை மேல ஏத்தி விடுற சேர்லிஃப்ட்ல இருந்து இறங்குன ஒவ்வொரு தடவையும் பனியில உக்காந்து இல்லன்னா குனிஞ்சு பின்னங்காலைப் போர்டோட கட்டுற ஸ்ட்ராப்பை மாட்டணும், அந்தக் குனியிற நேரத்துலதான் சட்டை பேன்ட்டுல இருந்து உருவிக்கிட்டு வெளிய வருது, பனி உள்ள போறதும் அங்கதான். ஒன்-பீஸ்ல அந்த இடைவெளியே கிடையாது. இடுப்புல எலாஸ்டிக் மேல எலாஸ்டிக்கா அழுத்துற தொல்லையும் இல்ல.

ஆனா கடையில எஸ், எம், எல்னு போட்டிருக்குறது பெரும்பாலும் நெஞ்சளவையும் உயரத்தையும் வச்சுதான். எனக்கு கால் குட்டை, உடம்பு நீளம். முதல் தடவை எம் சைஸ் வாங்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னு பாத்தேன், அம்சமா இருந்துச்சு. மலைக்குப் போய் ஸ்ட்ராப் மாட்ட குனிஞ்சேன் பாருங்க, தோள்பட்டையை யாரோ கீழ புடிச்சு இழுக்குற மாதிரி, தொடையிடுக்குல வெட்டுற மாதிரி. சாயங்காலம் கழட்டும்போது ரெண்டு தோள்லயும் தையல் போட்ட கோடு செவசெவன்னு பதிஞ்சிருந்துச்சு. அதனால ஒரு டெய்லர் டேப்பை எடுத்து தோள் மேல வச்சு, முன்பக்கமா இறக்கி, கால் நடுவுல விட்டு, பின்பக்கமா அதே தோளுக்குக் கொண்டு வாங்க. அந்தச் சுத்தளவை கம்பெனி போட்டிருந்தா ஒப்பிட்டுப் பாருங்க, போடலன்னா ட்ரையல் ரூம்ல நிக்காதீங்க, குத்த வச்சு உக்காருங்க, ரெண்டு கையையும் தூக்குங்க, கால் விரலைத் தொடுங்க. எங்கயாவது இழுத்தா அந்த சைஸ் வேண்டாம்.

இப்ப உங்க 250. அந்த நம்பர் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ன்ற கணக்கு. ராக்கி மலைக் குளிர் சாதாரணம் இல்ல, மைனஸ் 20ல 30 கிலோமீட்டர் வேகக் காத்து அடிச்சா உடம்புக்கு அது மைனஸ் 33 மாதிரிதான், ஒத்துக்குறேன். ஆனா கத்துக்குற ஆளு விழுந்து விழுந்து எந்திரிச்சே வேர்த்துக் கொட்டிடுவான், உடனே சேர்லிஃப்ட்ல பத்து நிமிஷம் அசையாம உக்காரணும், அந்த வேர்வைதான் குளிராத் திருப்பி அடிக்கும். காத்தை விட தண்ணி சுமார் 25 மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும். மெரினோ தன் எடையில மூணுல ஒரு பங்கு வரைக்கும் ஈரத்தை இழுத்து வச்சுக்கிட்டும் தொட்டா ஈரமாத் தெரியாது, ஆனா தடியா இருந்தா காயறதுக்கு ரொம்ப நேரம் ஆகும். 150ல இருந்து 200க்குள்ள வாங்கிட்டு மேல ஃப்ளீஸ்னு சொல்ற புசுபுசு சட்டை ஒண்ணு போடுங்க, வேர்த்தா ஃப்ளீஸைக் கழட்டலாம், ஒன்-பீஸை மலை மேல கழட்ட முடியுமா? பாலியஸ்டர் விலை கம்மி, சீக்கிரம் காயும், ரெண்டாம் நாளே நாறும்.

கால் முழங்காலுக்குக் கீழ நிக்கிற முக்கால் நீளமாப் பாருங்க. பூட்ஸுக்குள்ள சாக்ஸ் மட்டும்தான் போகணும், துணி மடிஞ்சு மாட்டுச்சுன்னா கெண்டைக்கால் செத்துச்சு. ஹூட் வச்சது வாங்குனா மெல்லிசா இருக்கணும், ஹெல்மெட்டைப் போட்டுப் பாத்துட்டு வாங்குங்க.

இன்னொண்ணு, நம்மாளுங்க நிறைய பேரு காசைக் கொட்டி மெரினோ வாங்கிட்டு அதுக்கு உள்ள ஊர்ல இருந்து கொண்டு வந்த காட்டன் பனியனைப் போட்டுக்குவாங்க. வேர்வையைக் குடிச்சுட்டு நாள் முழுக்க ஈரத்துணியா ஒட்டிக்கிட்டே கிடக்கும். தயவுசெஞ்சு வேண்டாம்.

கேள்வி: கேக்கவே கூச்சமா இருக்கு அண்ணா, ஆனா யார்கிட்ட கேக்குறது. ஒன்-பீஸ் போட்டா பாத்ரூம் எப்படிப் போறது? நான் இருக்குறது வான்கூவர், விஸ்லர் மலைக்குத்தான் போவேன்.

பதில்: இதுல கூச்சப்பட என்னம்மா இருக்கு, இதைக் கேக்காம வாங்குனவங்கதான் அழுதிருக்காங்க. கழுத்துல இருந்து தொப்புள் வரைக்கும் மட்டும் ஜிப் இருக்குறதை வாங்கவே வாங்காதீங்க. ஜாக்கெட், பிப் (நெஞ்சு வரைக்கும் வர்ற, தோள்பட்டி வச்ச பேன்ட்) எல்லாத்தையும் கழட்டி, மேல் உடம்பு முழுக்க குளிர்ல உரிச்சாத்தான் உக்கார முடியும், அதுல கழட்டின சட்டைக்கை ரெண்டும் பாத்ரூம் தரையில கிடக்குற பனித்தண்ணியில தோயும். அந்தச் சட்டைக்கையை மறுபடி மாட்டுன அனுபவம் என் தங்கச்சிக்கு இருக்கு, அன்னைக்கு மதியத்தோட வீட்டுக்குப் போயிடலாம்னு உக்காந்துட்டா.

பின்பக்கம் ஒரு இடுப்புல இருந்து இன்னொரு இடுப்பு வரைக்கும் திறக்குற ஜிப் வேணும். ஏர்பிளாஸ்டர் கம்பெனியோட நின்ஜா சூட்ன்ற ஒன்-பீஸ்ல இடுப்பைச் சுத்தி கிட்டத்தட்ட முழு வட்டமாவே, 350 டிகிரிக்கு ஜிப் வரும். வாங்குனதும் வீட்டுலயே பேன்ட், பெல்ட், க்ளவுஸ் எல்லாம் போட்டுக்கிட்டு ஒரு ஒத்திகை பாருங்க, ஜிப் மேல பேன்ட் பட்டி வந்து அழுத்துதான்னும் அப்பவே தெரிஞ்சுடும். பிப் போடுறவங்கன்னா பிப்புக்கும் பின்னாடி ஜிப் இருந்தாத்தான் இதுக்குப் பிரயோஜனம்.

ஆனா விஸ்லர் கடலோர மலை, குளிர் கம்மி, ஈரம் அதிகம், அடிவாரத்துல மழையே பெய்யும். உங்களுக்கு 150 போதும். சொல்லப்போனா நீளமான மேல்சட்டையும் உயரமான இடுப்பு வச்ச பேன்ட்டுமே போதும்னு நான் சொல்லுவேன்.

கேள்வி: மெரினோ ஒன்-பீஸை மெஷின்ல போடலாமா?

பதில்: போடலாம், பச்சைத்தண்ணி, மெதுவான சுத்து, ஜிப்பை மூடிட்டு உள்பக்கமாத் திருப்பிப் போடுங்க. சாஃப்ட்னர் ஊத்தாதீங்க, நூல் மேல படிஞ்சு வேர்வையை இழுக்க விடாது. ட்ரையர் வேண்டாம். கொடியில தொங்க விட்டாலும் ஈர கனத்துல நீண்டுடும், துண்டு மேல படுக்க வச்சே காய வைங்க. ஒவ்வொரு நாளும் துவைக்கத் தேவையில்ல, ராத்திரி நாற்காலி மேல விரிச்சுப் போட்டாலே காலையில வாசனை போயிருக்கும்.

கேள்வி: சென்னையில இருந்து மூணு நாள் குல்மார்க் போறோம் சார், போர்டு, பூட், ஜாக்கெட் எல்லாம் அங்க வாடகைக்கு. ஒன்-பீஸ் வாங்கணுமா?

பதில்: வேண்டாம். மூணு நாளுக்கு பாலியஸ்டர் தெர்மல் ரெண்டு செட் போதும், மேல்சட்டை மட்டும் ஒரு சைஸ் நீளமா வாங்கி நல்லா உள்ள செருகிக்குங்க. குல்மார்க்கே சுமார் 2,650 மீட்டர் உயரம், கோண்டோலான்ற கேபிள் காரோட ரெண்டாம் கட்டம் அதுக்கும் மேல ஆயிரம் மீட்டருக்கு மேல ஏத்திக் கொண்டு போய் விடும், அங்க கை விறைச்சுடும், அதனால மிச்சமாகுற காசுல நல்ல க்ளவுஸ் வாங்குங்க, வாடகை க்ளவுஸ் முந்தின நாள் ஈரத்தோடதான் கைக்கு வரும்.