பிரேக் சரியாகவில்லை, பணம் போய்விட்டது: ஒர்க்ஷாப் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: அப்பா வாங்கிய 2011 மாடல் கார் வீட்டில் இருக்கிறது. சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நின்றால் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. ஒர்க்ஷாப்பில் முதலில் பிரேக் பேட் மாற்றினார்கள். சரியாகவில்லை. அடுத்து முன்பக்க டிஸ்க் இரண்டையும் மாற்றினார்கள். மொத்தம் 11,800 ரூபாய். பேட் வேலைக்கு மட்டும்தான் பில் தந்தார்கள். இன்னமும் பெடல் இறங்குகிறது. கேட்டால், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். வேறொரு மெக்கானிக், மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது, நாளைக்கே மாற்றித் தருகிறேன் என்கிறார். மாற்றிவிடலாமா? கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், திருச்சி

பதில்: மாற்றத்தான் வேண்டும். ஆனால் நாளைக்கே வேண்டாம். ஆதாரம் சேர்க்க ஒரு வாரம் பொறுங்கள். அதுவரை வண்டியைத் தெருமுனைக் கடைக்குக்கூட எடுக்காதீர்கள்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது இந்த ஒரு வாரம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(1) பிரிவு, ஆபத்தான கோளாறு இருப்பது தெரிந்தே பொதுச் சாலையில் வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. அபராதம் 1,500 ரூபாய். அந்தக் கோளாறால் யாருக்காவது காயமோ சொத்துக்குச் சேதமோ ஏற்பட்டால், முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "திடீரென்று பிரேக் பிடிக்கவில்லை" என்று நீங்கள் சொல்லவும் முடியாது. கோளாறு உங்களுக்குத் தெரியும் என்பதற்கு ஒர்க்ஷாப் பில்லே சாட்சி. மறைந்திருந்த கோளாறு என்று வாதிடும் வண்டி உரிமையாளர், தன்னால் இயன்ற எல்லாக் கவனத்தையும் எடுத்துக்கொண்டதை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது. உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கேட்டாலும், வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்ற பாலிசி நிபந்தனையை நிறுவனம் எடுத்து நீட்டும்.

இனி ஒர்க்ஷாப். மெக்கானிக்கின் கணிப்பு தவறிவிட்டது என்பதாலேயே அது சேவைக் குறைபாடு ஆகிவிடாது. தொழில் தெரிந்த ஒருவர் செய்யும் சோதனையைச் செய்தாரா என்பதுதான் கேள்வி. இங்கே உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. அழுத்திப் பிடித்த பெடல் தானாக இறங்கினால், பிரேக் ஆயில் வெளியே எங்காவது கசிகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். நாலு சக்கரத்திலும், பைப்பிலும் கசிவில்லை, ஆயில் அளவும் குறையவில்லை என்றால், பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்து, அழுத்தம் உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகிறது என்று சந்தேகிப்பார்கள். பேட் தேய்ந்தால் கிரீச் சத்தம் வரும், டிஸ்க் கோணினால் பெடல் அதிரும். பெடல் மெல்ல இறங்குவதற்கு இந்த இரண்டும் காரணமாகாது.

ஆகவே அந்த பேட் பில்லையும், வண்டியை விடும்போது ஒர்க்ஷாப்பில் எழுதும் ஜாப் கார்டையும் எடுத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் சொன்ன குறை என்ற இடத்தில் "பெடல் இறங்குகிறது" என்று எழுதியிருந்தால் உங்கள் வழக்கில் பாதி அந்த ஒரு வரியில் இருக்கிறது. "பிரேக் செக்" என்று மட்டும் இருந்தால், நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். டிஸ்க் வேலைக்குப் பில் தராதது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி தனியே ஒரு முறையற்ற வணிக நடைமுறை. பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்த விவரமே போதும்.

பலர் தோற்பது அடுத்த படியில்தான். கோளாறான பாகத்தைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு வழக்குக்கு வருகிறார்கள். குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுப்பவருடையது. அதனால் இன்றே ஒர்க்ஷாப்புக்கு ஸ்பீடு போஸ்ட்டிலும் வாட்ஸ்அப்பிலும் எழுதுங்கள்: இன்ன தேதியில், இன்ன இடத்தில் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றப் போகிறோம், வந்து பார்த்துக்கொள்ளலாம். வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்கு வேலையைச் செய்யுங்கள். வண்டியை டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். கழற்றும் முன் கிலோமீட்டர் மீட்டர், ஆயில் அளவு, பெடல் இறங்குவது மூன்றையும் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். புது மெக்கானிக்கிடம், கண்டது என்ன, மாற்றியது என்ன, அதன்பின் பெடல் நிற்கிறதா என்று கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். பழைய சிலிண்டர் உங்கள் வீட்டில் இருக்கட்டும். தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையமே அதைப் பரிசோதனைக்கு அனுப்பும்.

பிறகு 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். கெடு 2 ஆண்டு. பில் அப்பா பெயரில் இருந்தால் அவரே புகார்தாரராக இருக்கட்டும். அதற்குமுன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். சில ஒர்க்ஷாப்கள் அந்தக் கட்டத்திலேயே பேசித் தீர்க்க வருவார்கள்.

முழு 11,800 ரூபாயும் கிடைத்துவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். பேட் உண்மையிலேயே தேய்ந்திருந்தால், அந்தத் தொகையை ஆணையம் கழிக்கக்கூடும். டிஸ்க்குக்கான பணம், மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றை அழுத்தமாகக் கேளுங்கள்.

இன்னொன்று. 2011-ல் பதிவான காரின் ஆர்.சி.க்கு 15 ஆண்டு கெடு 2026-ல் முடிகிறது. புதுப்பிக்கக் கொண்டுபோனால் பிரேக்கையும் சோதிப்பார்கள். தேதியைப் பார்த்து, சிலிண்டர் வேலையை அதற்குமுன் முடித்துவிடுங்கள்.