யூரியாவோடு வேண்டாததையும் வாங்கச் சொன்னால்?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எனக்கு ஒன்பது மா (சுமார் மூன்று ஏக்கர்) நிலத்தில் சம்பா நெல். மேலுரத்துக்கு யூரியா கேட்டால், ‘கூட ரெண்டு நானோ யூரியா பாட்டிலும் ஒரு நுண்ணூட்டப் பாக்கெட்டும் எடுத்தால்தான் தருவேன்’ என்கிறார் கடைக்காரர். சந்தை சுதந்திரம் பற்றி எழுதுகிறவர் நீங்கள். அவர் சரக்கு, அவர் இஷ்டம் என்றுதானே சொல்வீர்கள்?

பதில்: சொல்ல மாட்டேன். விற்பவரும் வாங்குபவரும் சம்மதித்து நடந்தால்தான் அது சுதந்திரமான வியாபாரம். வேட்டியோடு துண்டையும் எடுத்தால்தான் விற்பேன் என்று ஜவுளிக்கடையில் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவீர்கள். யூரியாவில் அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. 45 கிலோ மூட்டை ரூ.266.50 என்று விலை கட்டப்பட்டிருக்கிறது. உரிமம் உள்ளவர்தான் விற்கலாம். மானியமும் உங்கள் கைக்கு வருவதில்லை. நீங்கள் கடையிலுள்ள விற்பனைக் கருவியில் விரல் ரேகை வைத்து வாங்கிய பிறகு உர நிறுவனத்துக்குப் போகிறது. தட்டுப்பாட்டு நேரத்தில் வெளிப்படையாக ஏற்ற முடியாத விலைதான் பாட்டிலாகவும் பாக்கெட்டாகவும் உங்கள் தலையில் விழுகிறது. கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. பல நேரம் அவருக்கே உர நிறுவனமோ மொத்த வியாபாரியோ அப்படித்தான் கட்டி அனுப்புகிறார்கள்.

மானியத்தை ஏக்கர் கணக்கில் சாகுபடி செய்பவருக்கே பணமாகக் கொடுத்துவிட்டு, விலையைச் சந்தைக்கு விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் கோயில் நிலம், மடத்து நிலம், வாய்வார்த்தைக் குத்தகை என்று கிடக்கும் டெல்டாவில், உழுகிறவர் பெயர் பல இடங்களில் ஆவணத்திலேயே இல்லை. அதைச் சரிசெய்யாமல் பணத்தைப் போட்டால் நிலக்காரருக்குத்தான் போய்ச் சேரும்.

சரி, இன்றைக்கு என்ன செய்வது? ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ‘கட்டுப்படுத்தும் வணிக முறை’ (restrictive trade practice); அதன் மீது புகார் கொடுக்கலாம். விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-ல் ஒரு விதை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. யூரியா மட்டும் வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால் தேதி, நேரம், கடையில் அப்போது இருந்தவர்கள் பெயரைக் குறித்துக்கொண்டு வட்டார வேளாண் உதவி இயக்குநரிடம் எழுத்தில் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். பயிர் காத்திருக்காது என்று சேர்த்தே வாங்கிவிட்டீர்களா? எல்லாவற்றுக்கும் பில் கேளுங்கள், பாட்டிலைத் திறக்காதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

கேள்வி: அறுவடை நெல்லை அரசுக் கொள்முதல் நிலையத்தில்தான் போட வேண்டுமா?

பதில்: இல்லை, யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். 1952-ல் முதல்வரான ராஜாஜி அரிசி ரேஷனையும் தானியக் கட்டுப்பாட்டையும் எடுத்தது இந்த உரிமைக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். அப்புறம், வியாபாரியிடம் போடுவதென்றால் எடையை நீங்களே நின்று பாருங்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகு மூட்டையை லாரியில் ஏற்றுங்கள்.