வெள்ளக் கணிப்புக்கு அதிகக் கோர் கொண்ட கணினி வாங்கலாமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் செம்பனைத் தோட்டத்தில், கனமழையின்போது ஆற்று நீர் லயங்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) எதுவரை ஏறும் என்பதை 'அனுகா' மென்பொருளில் கணித்துப் பார்க்கிறேன். 4 கோர் (செயலிக்குள் தனித்தனியாகக் கணிக்கும் அலகு) கொண்ட கணினியில் ஒரு கணிப்புக்கு ஓர் இரவு முழுவதும் ஆகிறது. 16 கோர் கணினி வாங்கினால் நான்கு மடங்கு வேகம் கிடைக்குமா?

பதில்: பெரும்பாலும் கிடைக்காது. இப்போதுள்ள நான்கு கோர்களுக்கும் வேலை பிரிந்து போகிறதா என்பதை முதலில் பாருங்கள். வேலையைப் பல கோர்களுக்குப் பகிர்ந்து, அவற்றிடையே தரவைப் பரிமாற உதவும் எம்பிஐ (MPI) வழியாக நிரலை இயக்காவிட்டால் ஒரே கோர் உழைக்க, மற்றவை சும்மா இருக்கக்கூடும். ஒரு சிறிய கணிப்பை 1, 2, 4 கோர்களில் ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிலப்பரப்பை முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு கோரிடம் ஒப்படைப்பதுதான் இம்முறை. ஆனால் ஒவ்வொரு கால அடியிலும் (கணிப்பு ஒரு தடவைக்கு முன்னேறும் சிறு கால இடைவெளியிலும்) அண்டைப் பகுதிகள் தங்கள் எல்லையிலுள்ள நீரின் ஆழத்தையும் வேகத்தையும் பரிமாறிக்கொண்டாக வேண்டும். பகுதிகள் சிறுக்கச் சிறுக்க, கணிப்பதைவிடப் பரிமாற்றத்துக்கே அதிக நேரம் போகும். கணினிப் பொறியாளர் ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த வாதத்தின்படி, பிரிக்க முடியாத வேலை 10 விழுக்காடு இருந்தால், 4 கோர்களில் ஏறத்தாழ 3.1 மடங்கும் 16 கோர்களில் 6.4 மடங்கும்தான் வேகம் கூடும். அதாவது, நீங்கள் கூடுதலாகச் செலவிடும் பணத்துக்கு இரு மடங்கு வேகமே கிடைக்கும். எல்லாக் கோர்களும் ஒரே நினைவகத்திலிருந்து தரவை இழுப்பதால் அதுவும் குறையலாம்.

முக்கோண வலையைத் திருத்துவதில்தான் பெரிய லாபம் இருக்கிறது. முக்கோணத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் எண்ணிக்கை நான்கு மடங்காகிறது, கால அடியும் பாதியாகிறது. வேலை எட்டு மடங்கு. எனவே ஆற்றங்கரை, வடிகால், மதகு, லயம் ஆகிய இடங்களில் மட்டும் வலையை நெருக்கமாக்கி, செம்பனைப் பரப்பில் அகலமாக விடுங்கள். தேவையின்றி நுழைந்த ஒரே ஒரு மிகச்சிறு முக்கோணம்கூட முழுக் கணிப்பின் கால அடியையும் சுருக்கிவிடும் என்பதால், வலையைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்வது அவசியம்.

வேகத்தைவிட எனக்குக் கவலை தருவது நில உயரத் தரவு. 2000இல் விண்ணோடத்திலிருந்து எடுக்கப்பட்ட 30 மீட்டர் உயர வரைபடத்தில், மரங்கள் அடர்ந்த இடத்தில் ரேடார் காட்டுவது தரையை அன்று, இலைக்கூட்டத்தை ஒட்டிய உயரத்தை. அதனால் செம்பனை மேடாகவும், வெட்டவெளியான லயம் பள்ளமாகவும் தோன்றி, வராத வெள்ளத்தை வந்ததாகக் கணினி காட்டும். கணினிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, நில அளவையாளரை வைத்து வடிகால் ஓரத்திலும் லயத்து வாசல்களிலும் மட்டம் எடுங்கள். சென்ற வெள்ளத்தின்போது சுவரில் சேறு பதிந்த உயரத்தோடு முடிவை ஒப்பிட்டுப் பாருங்கள். அது பொருந்திய பிறகு கணினி வாங்குவதை முடிவு செய்யலாம்.