மாங்டன்ல பேசற ஃப்ரெஞ்ச் உங்களுக்குப் புரியுமா? தம்பிக்கு ஒரு நீளமான பதில்

தம்பி, உங்க கேள்விய முழுசா படிச்சேன். சென்னைல அலியான்ஸ் ஃபிரான்சேஸ்ல ஃப்ரெஞ்ச் பி2 லெவல் முடிச்சிட்டீங்க, கனடாவோட எக்ஸ்பிரஸ் என்ட்ரி குடியேற்றத் திட்டத்துல ஃப்ரெஞ்ச் கேட்டகரி டிரால நிரந்தரமா தங்கற பிஆர் வந்திருச்சு, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துல இருக்கற மாங்டன்ல ஒரு இன்சூரன்ஸ் கால் சென்டர்ல ரெண்டு மொழி வேலையும் கிடைச்சிருச்சு, ஆனா யூடியூப்ல ஃப்ரெஞ்ச் பேசற கியூபெக் மாகாணத்து ஆளுங்க பேசறத கேட்டா பாதிகூட பிடிபடல, இதுல மாங்டன்ல "ஷியாக்"னு வேற ஏதோ பேசறாங்களாமே, அப்ப இவ்வளவு காசு கட்டி படிச்சது வீணானு கேக்கறீங்க. இங்கிலீஷாவது ஒரே மாதிரி இருக்குமா, பொண்ண எந்த ஸ்கூல்ல சேர்க்கறதுனும் கேட்டிருக்கீங்க. நான் முதல்ல கியூபெக்ல மாண்ட்ரியல்ல இருந்தேன், அப்புறம் மாங்டன் வந்து இங்கயே வீடு வாங்கி தங்கிட்டேன், இதே மாதிரி போன் வேலைதான் பல வருஷம் பார்த்தேன், அதனால எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

படிச்சது ஒரு ரூபாகூட வீண் இல்ல. நீங்க பேசறது இங்க எல்லாருக்கும் முதல் நாளே புரியும், ஏன்னா அவங்க எல்லாருமே ஸ்கூல் புக்கு, ரேடியோ நியூஸ், கவர்மென்ட் லெட்டர்னு அந்த பொதுவான ஃப்ரெஞ்ச கேட்டு படிச்சு வளர்ந்தவங்கதான். அவங்க பேசறது உங்களுக்குப் புரியறதுக்குத்தான் கொஞ்ச மாசம் ஆகும். அதுக்கும் காரணம் உங்களுக்கு வார்த்தை பத்தாதது இல்ல, வார்த்தைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கறதுதான். கிளாஸ் ஆடியோல "நான் இருக்கேன்"ங்கறத "ஜ ஸுயி"னு பிரிச்சு சொல்வாங்க, இங்க அது "ஷூ"னு ஒரே சத்தமா வந்துட்டு போயிடும். "சா ஃபே க" அப்படிங்கறது "ஃபாக்"னு சுருங்கி வாக்கியத்துக்கு வாக்கியம் வரும், அர்த்தம் "அதனால" அவ்வளவுதான். "பி"ன்னா "அப்புறம்", "பான்தூட்"ன்னா "சுத்தமா இல்ல", "இஸிட்"ன்னா "இங்க", "ஆஸ்தேர்"ன்னா "இப்போ". வினைச்சொல்லுக்குப் பின்னாடி ஒரு "ட்ஸூ" வரும் பாருங்க, "சே ட்ஸூ போன்"னு, அது "நீ" இல்ல, "நல்லா இருக்கா"ல வர்ற அந்த கடைசி "ஆ"தான். இந்த மாதிரி ஒரு இருபது முப்பது சின்ன சொல்லு காதுல உட்கார்ந்துட்டா பாதி இருட்டு விலகிடும், அதனால புது வார்த்தை மனப்பாடம் பண்றத நிறுத்திட்டு இத முதல்ல கேட்டுப் பழகுங்க.

கியூபெக் உச்சரிப்புல உங்கள ரொம்ப குழப்பறது ரெண்டே விஷயம்தான். "த", "ட" மாதிரி ஒலிக்கு அடுத்து "இ"யோ அந்த ஃப்ரெஞ்ச் "உ"வோ வந்தா நடுவுல ஒரு "ஸ்" புகுந்துடும், "நீ"ங்கற "தூ" ட்ஸூ ஆயிடும், ஞாயித்துக்கிழமைங்கற "திமான்ஷ்" ட்ஸிமான்ஷுக்கும் ஸிமான்ஷுக்கும் நடுவுல எங்கயோ கேக்கும். அடுத்தது நீளமான உயிரெழுத்து ரெண்டா உடையும், திருவிழாங்கற "ஃபெத்" ஃபாயெட்னு விழும். இத தெரிஞ்சுகிட்டு கேட்டா அடுத்த நாளே வித்தியாசம் தெரியும். இன்னொண்ணு, பாரிஸ்ல இப்ப ஒண்ணா கலந்துபோன சில ஒலிய இவங்க இன்னும் தனித்தனியா வச்சிருக்காங்க, "பாத்"துல குறிலா நெடிலாங்கறத வச்சு மிருகத்தோட காலா பிசைஞ்ச மாவானு கண்டுபிடிச்சிடலாம்.

இதுல எனக்கு மனசுல ரொம்ப நாளா இருக்கறது ஒண்ண சொல்லிடறேன். "கியூபெக் ஃப்ரெஞ்ச் கொச்சை, அகாடியன் ஃப்ரெஞ்ச், அதாவது இந்த மாங்டன் பக்கத்து ஃப்ரெஞ்ச், அதவிட மோசம்"னு ஃப்ரான்ஸ்ல படிச்சிட்டு வந்த நம்ம ஆளுங்களே சொல்வாங்க, தயவுசெஞ்சு அத நம்பாதீங்க, அந்த வார்த்தைய திருப்பி சொல்லவும் சொல்லாதீங்க. 1600கள்ல ஃப்ரான்ஸோட நார்மண்டி, பெர்ஷ், பாரிஸ் பக்கம், புவாத்து இங்கருந்தெல்லாம் கப்பல் ஏறி வந்தவங்க கொண்டுவந்த பேச்சு இது. 1763ல பாரிஸ் ஒப்பந்தத்துல இந்த நிலத்த ஃப்ரான்ஸ் பிரிட்டனுக்குக் கொடுத்துட்டு போயிருச்சு, அதுக்கப்புறம் தாய்நாட்டோட போக்குவரத்து ரொம்ப குறைஞ்சுபோச்சு, அங்க புரட்சி வந்து பாரிஸ் பேச்சு மாறினது இவங்கள பெருசா தொடவே இல்ல. இன்னிக்கும் வயசானவங்க "நான்"னு அர்த்தம் வர்ற "ம்வா"ங்கறதுக்கு "ம்வே"னு சொல்வாங்க, கேட்டா பட்டிக்காட்டுப் பேச்சுன்னு சிரிப்பாங்க, ஆனா அது ஒரு காலத்துல ஃப்ரான்ஸ் ராஜா அரண்மனைலயே சொன்ன உச்சரிப்பு. நான் வேலை பார்த்த ஒரு இடத்துல, கராக்கே பக்கத்துல இருந்து போன் பண்ணின ஒரு பாட்டிம்மாவ, பக்கத்து சீட்டுல இருந்தவர் "சரியான ஃப்ரெஞ்சுல சொல்லுங்க"ன்னார், அந்தம்மா ஒண்ணும் பேசாம போன வச்சிட்டாங்க. எனக்கு அன்னிக்கு முழுக்க வேலை ஓடல. அவங்க மொழியிலயே சேவை வாங்கறது இந்த மாகாணத்துல அவங்க போராடி வாங்கின உரிமை தம்பி.

அந்தப் போராட்டம் ஏன்னு தெரியணும்னா அகாடியன்காரங்க கதைய கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். இவங்க கியூபெக்காரங்க இல்ல, முதல்லயே அத மனசுல வைங்க, இங்க யாரையாவது பார்த்து கியூபெக்காரர்னு சொன்னா முகம் சுருங்கிடும். இவங்க முன்னோர்ல நிறைய பேர் ஃப்ரான்ஸோட மேற்குப் பக்கம், புவாத்து, செந்தோஞ்ச் சுத்தி வந்தவங்க, இன்னிக்கு நோவா ஸ்கோஷியா இருக்கற பக்கம் கடலோரம் கரைகட்டி விவசாயம் பண்ணிட்டு இருந்தாங்க. 1755ல இருந்து 1763 வரைக்கும் பிரிட்டிஷ்காரங்க இவங்கள குடும்பம் குடும்பமா கப்பல்ல ஏத்தி நாடுகடத்தினாங்க, பத்தாயிரத்துக்கும் மேல, எத்தனையோ பேர் கடல்லயும் நோய்லயும் செத்தாங்க. சிலர் லூசியானா போய் சேர்ந்தாங்க, அவங்க வாய்ல "அகாடியன்" மருவித்தான் "கேஜன்" ஆச்சு. சிலர் காட்டுல ஒளிஞ்சு, சிலர் வருஷக்கணக்குல நடந்து திரும்பி வந்து இந்த நியூ பிரன்ஸ்விக் கரையில குடியேறினாங்க. நீங்க வரப்போற ஊரு இருக்கே, அதோட பேரே அந்த 1755ல படை நடத்தின மாங்க்டன்ங்கற பிரிட்டிஷ் அதிகாரியோட பேரு. அந்தப் பேரு வச்ச ஊர்லயே 1963ல ஒரு ஃப்ரெஞ்ச் யூனிவர்சிட்டி கட்டி, 2002ல ஊரையே அதிகாரப்பூர்வமா ரெண்டு மொழி நகரம்னு அறிவிக்க வச்சாங்க. மாகாணம் 1969லயே ரெண்டு மொழிச் சட்டம் போட்டிருச்சு, இன்னிக்கும் கனடாலயே அதிகாரப்பூர்வமா ரெண்டு மொழி மாகாணம் இது ஒண்ணுதான்.

இவங்க பேச்சு கியூபெக் மாதிரி இருக்காது. அந்த "ட்ஸ்" இங்க பெரும்பாலும் வராது, உங்களுக்கு அது ஒரு நிம்மதி. அதுக்கு பதிலா "க"வும் "கெ"வும் இளகி "ச்"ச மாதிரி ஆகும், பதினஞ்சுக்கு "கான்ஸ்"னு எதிர்பார்த்துட்டு இருப்பீங்க, "ச்சான்ஸ்"னு வரும். மனுஷங்கற "ஓம்" ஊம் ஆயிடும், பொருளுங்கற "ஷோஸ்" ஷூஸ் ஆயிடும். கட்டறதுக்கு கப்பல்காரங்க சொல்லான "அமாரே"தான், பரம்பரையா கடலோரத்து ஜனம் இல்லையா. நோவா ஸ்கோஷியால பே செயின்ட் மேரி பக்கம் போனா "ஜ பார்லோன்"னு கேக்கலாம், "நான்"னு ஆரம்பிச்சு "நாங்க"ன்னு முடியும், உங்க கிராமர் புக்குல அது கிடையாது, ஆனா ஃப்ரான்ஸ்ல பழைய கிராமத்துப் பேச்சுல இருந்ததுதான். மாகாணத்துக்கு உள்ளயே வடமேற்குல எட்மன்ஸ்டன் பக்கம் போனா கியூபெக் வாடை அதிகம், வடகிழக்குல கராக்கே, ஷிப்பகன், ட்ராகாடி எல்லாம் கிட்டத்தட்ட முழுக்க ஃப்ரெஞ்ச் ஊரு.

ஷியாக்குக்கு வர்றேன். மாங்டன், டியெப், ஷெடியாக் சுத்தி, முக்கியமா சின்னப் பசங்க பேசறது. இங்கிலீஷ் வார்த்தை கொட்டிக்கிடக்கும், ஆனா எலும்புக்கூடு ஃப்ரெஞ்ச். "ஜே பார்க்கே மோன் ஷார்"னு சொல்வாங்க, "பார்க்"ங்கறத எடுத்து ஃப்ரெஞ்ச் வினைச்சொல் மாதிரி வால் ஒட்டிட்டாங்க, நாம "வண்டிய பார்க் பண்ணிட்டு வர்றேன்"ல "பண்ணு" ஒட்டறோமே அதே வேலைதான். "வொரி பா"ன்னா கவலைப்படாத. "பேக்"ங்கறத திரும்பங்கற அர்த்தத்துல எங்க வேணும்னாலும் சொருகுவாங்க. இங்கிலீஷ் ஃப்ரெஞ்ச் ரெண்டும் தெரிஞ்ச உங்களுக்கு இது எட்டு வாரத்துலயோ பத்து வாரத்துலயோ பழகிடும்னு நான் உறுதியா சொல்வேன், மாண்ட்ரியல் பேச்சவிட சீக்கிரமே பிடிபடும். ஆனா நீங்களா ஷியாக் பேச முயற்சி பண்ணாதீங்க, கொஞ்ச வருஷம் போகட்டும், அதுவா வாய்ல ஒட்டும்போது யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. பக்கத்துல புக்டூஷ்ல பொறந்த அந்தொனின் மையே அகாடியன் பேச்ச எழுத்துல கொண்டுவந்து 1979ல ஃப்ரான்ஸோட பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசையே வாங்கினாங்க, இந்த ஊர் ஜனத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு அவங்க பேசும்போது கண்ண பார்த்தா தெரியும்.

வேலை பத்தி. உங்களுக்கு வர்ற கால் மாங்டன்ல இருந்து மட்டும் வராது, கியூபெக், வடக்கு ஒன்டாரியோல சட்பரி, ஹர்ஸ்ட், மேனிடோபான்னு எல்லா பக்கமும் வரும். அதனால சில விஷயம் முதல் நாள்ல இருந்தே தெரிஞ்சிருக்கணும். கனடால "தெழனே" காலைச் சாப்பாடு, "தினே" மதியச் சாப்பாடு, ராத்திரிக்கு "சூப்பே". பாரிஸ் கணக்குல "தினே"ன்னா ராத்திரி. "தினேக்கு அப்புறம் கூப்பிடுங்க"ன்னு கஸ்டமர் சொன்னா மதியம் ஒரு மணிக்கு மேல கூப்பிடணும், ராத்திரி எட்டு மணிக்கு நோட் போட்டா போச்சு. காருக்கு "ஷார்"னு சொல்வாங்க, ஈமெயிலுக்கு "கூர்ரியெல்", பார்க்கிங்குக்கு "ஸ்தாசியோன்மான்", வீக்கெண்டுக்கு "ஃபான் த ஸ்மென்". பாரிஸ்காரங்க இங்கிலீஷ் வார்த்தைய அப்படியே எடுத்துக்கற இடத்துல கியூபெக்காரங்க ஃப்ரெஞ்சா மாத்தி வச்சிருப்பாங்க, ஃப்ரான்ஸ்ல ரோட்டுல "ஸ்டாப்"னுதான் போர்டு, கியூபெக்ல "அரெ"ன்னு இருக்கும். நன்றி சொன்னா பதிலுக்கு "பியான்வென்யூ"ன்னு வரும், வரவேற்பு இல்ல, பரவால்லங்கறதுதான். எழுபது, தொண்ணூறு நம்பர்ல ஒரு சிக்கல் வரும், இங்க காங்கோல இருந்து வந்தவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்க பெல்ஜியம் வழக்கத்துல "செப்தாந்த்", "நோனாந்த்"னு சொல்வாங்க, பாலிசி நம்பர் எழுதும்போது ஒரு தடவை திருப்பி சொல்லி சரிபார்த்துக்குங்க. கியூபெக் ஆளுங்க சீக்கிரமே "நீ"ன்னு கூப்பிட ஆரம்பிப்பாங்க, அது மரியாதைக்குறைவு இல்ல, நீங்க "நீங்க"ன்னே பேசிட்டு போங்க. கோபத்துல "தபர்நாக்", "காலிஸ்"னு கேட்டா அது சர்ச்சுல இருக்கற பொருளோட பேரு, இங்க அதுதான் கெட்ட வார்த்தை, நீங்க வாய்ல எடுக்க வேண்டாம்.

ஒண்ணு எச்சரிக்கையா சொல்றேன். கடைல உங்க ஃப்ரெஞ்ச்ல கொஞ்சம் தடுமாற்றம் தெரிஞ்சா உடனே இங்கிலீஷுக்கு மாறிடுவாங்க, உதவி பண்றோம்னு நினைச்சு மாறுவாங்க. நீங்க மாறாதீங்க. சிரிச்சுகிட்டே ஃப்ரெஞ்சுலயே தொடருங்க, நிறைய பேர் சந்தோஷமா திரும்பி வந்துடுவாங்க. கவர்மென்ட் ஆபீஸ்ல "ஹலோ, போன்ஜூர்"னு ரெண்டும் சொல்லித்தான் ஆரம்பிக்கணும், நீங்க எதுல பதில் சொல்றீங்களோ அதுல அவங்க தொடரணும். மாண்ட்ரியல்ல இதே "போன்ஜூர் ஹாய்" அரசியல் சண்டையே ஆயிடுச்சு, 2017ல கியூபெக் சட்டசபை கடைக்காரங்க "போன்ஜூர்" மட்டும் சொல்லணும்னு தீர்மானமே போட்டுச்சு. வர்றதுக்கு முன்னாடி கனடாவோட பொது ஒலிபரப்பு நிறுவனத்தோட ஃப்ரெஞ்ச் பிரிவான ரேடியோ கனடாவோட ஓடியோ ஆப்ல அகாடி நிகழ்ச்சிங்கள தினம் கேளுங்க, மொரில்னு ஒரு இலவச ஆப்பும் இருக்கு, அதுல சிபிசி (அதே நிறுவனத்தோட இங்கிலீஷ் பிரிவு), ரேடியோ கனடா வீடியோவ வச்சே பாடம் வச்சிருக்காங்க.

இங்கிலீஷ் ஒரே மாதிரி இருக்குமானு கேட்டீங்க, இருக்காது, ஆனா பயப்பட ஒண்ணுமில்ல. மாங்டன்ல ஆமாங்கறதுக்கு மூச்ச உள்ள இழுத்துகிட்டே "யா"ன்னு சொல்வாங்க, முதல் தடவை கேட்டா என்னமோ அதிர்ச்சி ஆயிட்டாங்கன்னு தோணும், அது சம்மதம்தான். "ரொம்ப"ங்கறதுக்கு "ரைட்", "சம்" ரெண்டும் வரும், "சம் குட்"ன்னா ரொம்ப நல்லா இருக்குனு அர்த்தம். காது வலிக்கப்போறது நியூஃபவுண்ட்லாண்ட் ஆளுங்க பேசும்போதுதான். 1949லதான் கனடாவோட சேர்ந்த தீவு அது, அயர்லாந்தோட தென்கிழக்குல இருந்தும் இங்கிலாந்தோட தென்மேற்குல இருந்தும் வந்த மீனவ ஜனம், "ஐம் ஆஃப்டர் லூஸிங் மை கீஸ்"னா சாவிய தேடிப் போறாருன்னு நினைக்காதீங்க, ஏற்கனவே தொலைச்சிட்டாரு. மாண்ட்ரியல் இங்கிலீஷ்ல ஃப்ரெஞ்ச் கலந்திருக்கும், பெட்டிக்கடைய "டெப்"னு சொல்வாங்க, ஏடிஎம்ம "கிஷே"ன்னு சொல்வாங்க. கரண்டு பில்ல கனடால நிறைய இடத்துல "ஹைட்ரோ"ன்னு சொல்வாங்க, தண்ணி பில்லுனு நினைச்சு விட்டுடாதீங்க.

பொண்ணு ஸ்கூல். கியூபெக்ல 1977ல வந்த 101ஆம் சட்டத்தால வந்து குடியேறினவங்க பசங்க ஃப்ரெஞ்ச் ஸ்கூலுக்குத்தான் போகணும், அதனாலதான் மாண்ட்ரியல்ல பார்க் எக்ஸ்டென்ஷன், கோத் தெ நேஜ் பக்கம் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பசங்க வீட்டுல யாழ்ப்பாணத் தமிழ், தெருவுல கியூபெக் ஃப்ரெஞ்ச், ஃப்ரெண்டோட இங்கிலீஷ்னு மூணையும் ஒரே மூச்சுல பேசுவாங்க. நியூ பிரன்ஸ்விக்ல அப்படி கட்டாயம் இல்ல, ஃப்ரெஞ்ச் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் தனி, இங்கிலீஷ் டிஸ்ட்ரிக்ட் தனி. எனக்குக் கேட்டா ஃப்ரெஞ்ச் ஸ்கூல்ல போடுங்கன்னுதான் சொல்வேன், இங்கிலீஷ் இந்த ஊர்ல எப்படியும் வந்துடும், ஃப்ரெஞ்சுக்குத்தான் ஒரு இடம் வேணும். சேர்க்கை எப்படினு வர்றதுக்கு முன்னாடியே டிஸ்ட்ரிக்ட் ஆபீஸுக்கு மெயில் போட்டு கேட்டுடுங்க, சில சமயம் குழந்தையோட ஃப்ரெஞ்ச் எவ்வளவு இருக்குனு பார்ப்பாங்க, அதனால இப்பவே வீட்டுல கொஞ்சம் பாட்டு, கார்ட்டூன்னு காட்ட ஆரம்பிங்க. ஒரு வருஷத்துல உங்க பொண்ணு வீட்டுக்கு வந்து "ச்சான்ஸ்"னு சொல்லும், "வொரி பா பப்பா"ங்கும். அப்ப அலியான்ஸ்ல படிச்சத வச்சு திருத்தாதீங்க தம்பி, அவ கிளாஸ்ல பக்கத்துல உட்கார்ந்திருக்கற பிள்ளையோட பாட்டன் பூட்டன் பேச்சு அது. கிளம்பற தேதி முடிவானதும் சொல்லுங்க, டியெப் பக்கம் வாடகை வீடு தேட உதவி பண்றேன்.