கண்விழித்துப் படித்தால் மதிப்பெண் கூடுமா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகன் இரவு 1 மணி வரை படித்துவிட்டு, 5 மணிக்கே எழுந்துவிடுகிறான். தூக்கக்குறைவு அவனைப் பாதிக்குமா? – ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: நிச்சயமாகப் பாதிக்கும், அம்மா, அவன் எதற்காகக் கண்விழிக்கிறானோ அந்தப் படிப்பே முதலில் அடிபடும். பகலில் படித்தவற்றை நிலையான நினைவாக மாற்றும் வேலையின் பெரும்பகுதியை மூளை உறக்கத்தில்தான் செய்கிறது என்பதால், 4 மணி நேரமே தூங்கும் பிள்ளை, முந்தைய இரவு ஒப்பித்த இயற்பியல் சூத்திரம்கூடத் தேர்வறையில் நினைவுக்கு வராமல் தவிக்க நேரிடும். 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரப்பதும் ஆழ்ந்த உறக்கத்தில்தான். பிள்ளை எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான் என்று பெற்றோர் வருந்தும் வீடுகளில், பல நேரம் காரணம் தூக்கமின்மையாகவே இருக்கிறது.

வளரிளம் பருவத்தில், தூக்கத்தை வரவழைக்கும் ஹார்மோனான மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரப்பதால், 9 மணிக்குத் தூக்கம் வராதது பிடிவாதமல்ல. அதற்காக அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். 10 மணிக்குப் புத்தகத்தை மூடச் சொல்லி, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, 6.30 மணிக்கு எழுப்புங்கள். மாலைக்குப் பின் காபி, தேநீர் கூடாது. போதிய நேரம் உறங்கியும் பகலில் கண்கள் சொருகினாலோ, பலத்த குறட்டை இருந்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.